தங்கும் நீரும் தேங்கும் காற்றும்



"சாயங்காலம் ஆனா கால் வீங்கிடுது டாக்டர்." "காலையில எழுந்தா முகம் உப்பியிருக்கு." "சாப்பிட்டு அரை மணி நேரத்துல வயிறு கல்லு மாதிரி ஆயிடுது." இந்த மூன்றையும் கேட்காத நாள் ஒரு பொது மருத்துவருக்கு அமைவது அரிது. சொல்லி முடித்த கையோடு ஒரு கேள்வியும் வரும்: "இதுக்கு இயற்கையா என்ன குடிக்கலாம்?"

அந்தக் கேள்வியை நான் மதிக்கிறேன். எடுத்ததற்கெல்லாம் மாத்திரை வேண்டாம் என்ற நல்ல எண்ணம் அதில் இருக்கிறது. ஆனால் அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. அந்த நீரை உடம்பில் பிடித்து வைத்திருப்பது எது? அதைக் கண்டுபிடித்து விலக்கினால் பாதி வீக்கம் தானே வற்றிவிடும். வீட்டளவில் தீரக்கூடிய வீக்கங்களுக்கு எதையாவது சேர்ப்பதைவிட எதையாவது குறைப்பதுதான் பெரும்பாலும் மருந்து. இன்று நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். மற்றவையெல்லாம் இதன் விளக்கம்.

நீரா, காற்றா?

முதலில் இரண்டையும் பிரித்துக்கொள்வோம். முழங்காலுக்குக் கீழே, முன்பக்கத்தில் எலும்பு தட்டுப்படும் இடத்தைக் கட்டைவிரலால் பத்து விநாடி அழுத்திப் பிடியுங்கள். விரலை எடுத்த பிறகும் அங்கே பள்ளம் நின்றால் நீர் தங்கியிருக்கிறது என்று பொருள். வயிற்று உப்புசம் வேறு மாதிரி. காலையில் வயிறு தட்டையாக இருக்கும். பொழுது ஏற ஏற, சாப்பிடச் சாப்பிடப் பெருக்கும். வாயு பிரிந்தாலோ மலம் கழிந்தாலோ தணியும்.

எடை பார்க்கும் இயந்திரமும் உதவும். ஒரு லிட்டர் நீர் ஒரு கிலோ. இரண்டு மூன்று நாளில் எடை ஒன்றரை, இரண்டு கிலோ ஏறினால் அது கொழுப்பாக இருக்க வழியில்லை, நீர்தான். காற்றோ எடையைக் கூட்டாது.

நீர் ஏன் தங்குகிறது?

வளர்ந்த ஆணின் எடையில் ஏறக்குறைய 60 சதவீதமும், பெண்ணின் எடையில் ஏறக்குறைய 50 சதவீதமும் நீர். அதில் மூன்றில் இரண்டு பங்கு செல்களுக்குள் இருக்கிறது. மீதியில் கொஞ்சம் ரத்தக் குழாய்களுக்குள் ஓடுகிறது. பெரும்பகுதி செல்களுக்கு இடையே ஊறிக் கிடக்கிறது. குழாய்க்குள் இருக்கும் நீருக்கும் வெளியே ஊறிய நீருக்கும் இடையே ஓயாமல் போக்குவரத்து நடக்கிறது. 1896-ல் லண்டனில் எர்னஸ்ட் ஸ்டார்லிங் என்ற உடலியலாளர் அதன் விதியை விளக்கினார். நுண்குழாய்க்குள் இருக்கும் ரத்த அழுத்தம் நீரை வெளியே தள்ளுகிறது. ரத்தத்தில் உள்ள அல்புமின் என்ற புரதம் நீரை உள்ளே இழுத்துப் பிடிக்கிறது. வயலுக்குப் பாய்ந்த தண்ணீரில் மிஞ்சியதை வடிகால் வாய்க்கால் கொண்டுபோவதுபோல, வெளியே மிஞ்சும் நீரை நிணநீர்க் குழாய்கள் தினமும் லிட்டர் கணக்கில் திரட்டிக் கழுத்தடியில் இருக்கும் நாளங்களில் மறுபடி சேர்க்கின்றன.

இதைப் புரிந்துகொண்டால் வீக்கத்தின் காரணங்களும் புரிந்துவிடும். இதயம் தளர்ந்தாலும், கர்ப்பத்தில் வயிறு கனத்தாலும், நாளெல்லாம் நின்றாலும் நாளத்தில் அழுத்தம் ஏறும். கல்லீரல் அல்புமினைச் செய்யத் தவறினாலும், சிறுநீரகம் அதை ஒழுகவிட்டாலும் உள்ளிழுக்கும் விசை குறையும். யானைக்கால் நோயில் வடிகாலே அடைபடும். ஒவ்வாமையிலும் சில நஞ்சுகளாலும் குழாய்ச் சுவர் கசியும். வெளியே தெரிவது ஒரே வீக்கம்தான். இத்தனைக்கும் ஒரே கஷாயம் எப்படிப் பொருந்தும்?

உப்பு என்னும் பிடிமானம்

மருத்துவமனையில் ஏற்றும் சலைன் பாட்டிலைப் பார்த்திருப்பீர்கள். ஒரு லிட்டரில் 9 கிராம் உப்பு இருக்கும். நம் ரத்தத்தின் உப்புத்தன்மைக்கு ஏறக்குறைய ஒத்துப்போகும் அளவு அது. அந்த அளவு மாறாமல் உடம்பு காவல் காக்கிறது. ஆகவே கூடுதலாக 9 கிராம் உப்பு உள்ளே தங்கினால், சிறுநீரகம் அதை வெளியேற்றி முடிக்கும் வரை ஏறக்குறைய ஒரு லிட்டர் நீரும் கூடவே தங்கும். கல்யாண விருந்துக்கு மறுநாள் மோதிரம் இறுகுவதும் கண்ணிமை தடிப்பதும் இதனால்தான்.

உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாக உப்பு போதும் என்கிறது. சமையலறை தேக்கரண்டியில் தலைதட்டி ஒன்று. இந்தியர்கள் சராசரியாக உண்பது சுமார் 8 கிராம். இதைச் சொன்னால் "நாங்க உப்பு கம்மியாத்தான் போடுவோம்" என்பார்கள். குழம்பில் கம்மியாகத்தான் இருக்கும். ஊறுகாயில் இருக்கிறது, அப்பளத்தில் இருக்கிறது, மோர்மிளகாயிலும் வடகத்திலும் கருவாட்டிலும் இருக்கிறது. மிக்சர், சிப்ஸ், பாக்கெட் நூடுல்ஸோடு வரும் மசாலாப் பொட்டலம், பேக்கரி ரொட்டி எல்லாவற்றிலும் இருக்கிறது. ஆப்பசோடாவிலும் சோடியம்தான். மூன்று வேளையும் வெளியில் சாப்பிடுகிறவர் தன் உப்பைத் தான் தீர்மானிப்பதே இல்லை.

இந்துப்பு வாங்கினால் தப்பித்துவிடலாமா? முடியாது. அதிலும் கிட்டத்தட்ட முழுவதும் அதே சோடியம் குளோரைடுதான். அயோடின் சேர்க்காத இந்துப்பை மட்டுமே பயன்படுத்தினால் தைராய்டுக்கு வேறு ஒரு கவலை சேரும்.

செய்யக்கூடியது எளிது. சாப்பாட்டு மேசையிலிருந்து உப்புக் கிண்ணத்தையும் ஊறுகாய் ஜாடியையும் எடுத்துவிடுங்கள். தயிர்ச் சாதத்தில் மறுபடி உப்பு போடும் பழக்கத்தை விடுங்கள். எலுமிச்சை, மிளகு, சீரகம், கறிவேப்பிலை இவற்றின் கையை ஓங்கவிடுங்கள். சில வாரங்களில் நாக்கு பழகிவிடும். பழைய அளவு கரிக்கத் தொடங்கும்.

உப்பைக் குறைப்பதோடு பொட்டாசியம் உள்ள உணவும் சேர்ந்தால் சிறுநீரகம் சோடியத்தை எளிதாகக் கழிக்கும். இளநீர், வாழைப்பழம், கீரை, பயறு எல்லாம் அந்த வகை. ஆனால் சிறுநீரகம் பழுதானவர்களுக்கு இதே உணவுகள் ஆபத்தாகலாம். பொட்டாசியம் வெளியேறாமல் ரத்தத்தில் ஏறினால் இதயத் துடிப்பே தடுமாறும். ஒருவருக்கு மருந்தாகும் இளநீர் இன்னொருவரை மருத்துவமனையில் சேர்க்கக்கூடும்.

தண்ணீர் குடிப்பதைக் குறைத்தால் வீக்கம் வற்றும் என்ற நம்பிக்கையும் பரவலாக இருக்கிறது. ஆரோக்கியமான சிறுநீரகம் உள்ளவர்களுக்கு இது பொருந்தாது. தாகத்துக்குத் தண்ணீர் குடிப்பதால் கால் வீங்காது. இதயம் தளர்ந்தவர்கள், சிறுநீரகச் செயலிழப்பு உள்ளவர்கள் மட்டும் மருத்துவர் சொன்ன அளவோடு நிறுத்த வேண்டும்.

கெண்டைக்கால் என்னும் இரண்டாவது இதயம்

அசையாமல் நிற்கும்போது கணுக்கால் நாளத்தில் அழுத்தம் ஏறக்குறைய 90 மில்லிமீட்டர் பாதரசம். நடக்கத் தொடங்கி நாலு அடி வைத்ததும் அது 30-க்குப் பக்கத்தில் இறங்கிவிடும். கெண்டைக்கால் தசை சுருங்கும்போதெல்லாம் நாளத்தைப் பிழிந்து ரத்தத்தை மேலே தள்ளுகிறது. வால்வுகள் அதைக் கீழே இறங்கவிடாமல் தடுக்கின்றன. அதனால்தான் உடலியலாளர்கள் இந்தத் தசையை இரண்டாவது இதயம் என்கிறார்கள். இரவுப் பேருந்தில் காலைத் தொங்கப் போட்டுச் சென்னையிலிருந்து நாகர்கோவில் போகிறவருக்குச் செருப்பு இறுகுகிறதென்றால், அந்த இரண்டாவது இதயம் ராத்திரி முழுக்க வேலை செய்யவில்லை.

இதற்கு மருந்துக் கடையே வேண்டாம். நிற்கும் வேலையாக இருந்தால் அரை மணிக்கு ஒருமுறை குதிகாலைத் தூக்கித் தூக்கி இருபது முறை இறக்குங்கள். உட்கார்ந்த இடத்திலேயே பாதத்தை மேலும் கீழும் ஆட்டுங்கள். மதியமோ மாலையோ இருபது நிமிடம் படுத்து, கால்கள் இதய மட்டத்துக்கு மேலே இருக்கும்படி தலையணையில் வையுங்கள். இன்னொரு பயனும் கிடைக்கும். பகலெல்லாம் காலில் இறங்கிய நீர், இரவு படுத்ததும் ரத்தத்துக்குத் திரும்பிச் சிறுநீராக மாறுகிறது. இரவில் மூன்று நான்கு முறை எழுந்திருக்கும் முதியவர்களில் சிலருக்குக் காரணம் இதுதான். மாலையிலேயே காலைத் தூக்கி வைத்தால் அந்தக் கணக்கு தூங்கும் முன்பே தீர்ந்துவிடும்.

கால் நீரை மேலே ஏற்ற இன்னொரு வழியும் உண்டு. ஆற்றிலோ குளத்திலோ கழுத்தளவு நின்று குளித்தவர்களுக்குச் சற்று நேரத்தில் சிறுநீர் முட்டும். சுற்றியுள்ள நீரின் அழுத்தம் கால் நீரை நெஞ்சுப் பக்கம் தள்ளுகிறது; இதயத்தின் மேலறைகள் விரிகின்றன; உப்பையும் நீரையும் வெளியேற்றச் சொல்லும் ஹார்மோன் ஒன்றைச் சுரக்கின்றன. இதய மேலறையில் அப்படி ஒரு பொருள் இருப்பதை 1981-ல் கனடாவில் அடால்ஃபோ டி போல்ட் காட்டினார். கர்ப்பிணிகளின் கால் வீக்கத்துக்கு நீருக்குள் செய்யும் பயிற்சியால் பயன் உண்டு. இதய நோயாளிகள் மட்டும் கேட்டுக்கொண்டு இறங்க வேண்டும்.

இந்த இடத்தில் ஒரு வேண்டுகோள். கால் வீங்கினால் உங்கள் மாத்திரைப் பையையும் ஒருமுறை பாருங்கள். ரத்த அழுத்தத்துக்குப் பலரும் சாப்பிடும் அம்லோடிபின் கணுக்காலை வீங்க வைக்கலாம். வலிக்குப் போடும் டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென், ஸ்டீராய்டுகள், சர்க்கரைக்குத் தரும் பியோகிளிட்டசோன் எல்லாமே நீரைத் தேக்கக்கூடியவை. நீங்களாக நிறுத்தாதீர்கள், மருத்துவரிடம் சொல்லுங்கள், மாற்று உண்டு. மாத்திரையால் வந்த வீக்கத்துக்கு மாதக்கணக்கில் கஷாயம் குடித்துக்கொண்டிருப்பவர்கள் நம்மிடையே ஏராளம்.

செடிகளும் அவற்றின் எல்லையும்

இங்கிலாந்தில் 1775-ஐ ஒட்டி, ஷ்ராப்ஷயர் பகுதியில் ஒரு மூதாட்டி வீக்க நோய்க்கு ரகசியமாகக் கொடுத்து வந்த குடும்ப மருந்து ஒன்று வில்லியம் விதரிங் என்ற மருத்துவரின் கவனத்துக்கு வந்தது. அதில் இருபதுக்கும் மேற்பட்ட மூலிகைகள். வேலை செய்வது டிஜிட்டாலிஸ் என்ற ஒரே ஒரு செடி என்று விதரிங் கண்டறிந்தார். பத்து ஆண்டு நோயாளிகளிடம் கவனித்து 1785-ல் நூலாக எழுதினார். அதே பேரினத்துச் செடியிலிருந்து பிரித்த டிஜாக்சின் இன்றும் இதய நோயாளிகளுக்குக் கொடுக்கப்படுகிறது.

நாட்டு மருத்துவ அறிவு மதிக்கத்தக்கது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். ஆனால் கதையின் மறுபாதியையும் கேட்க வேண்டும். அந்தச் செடி இதயத்தைச் சரிசெய்தது. அதனால் நீர் இறங்கியது. அளவு சற்று மிஞ்சினால் அதே இதயத்தை நிறுத்தியும்விடும். விதரிங்கின் பெரும் உழைப்பு அந்த அளவைக் கண்டுபிடிப்பதில்தான் கழிந்தது.

நம்மிடம் சிறுநெருஞ்சில், மூக்கிரட்டை, வாழைத்தண்டு, முள்ளங்கி, பார்லி என்று நீர் பிரியச் செய்வதாகச் சொல்லப்படும் பட்டியல் ஒன்று உண்டு. சிறுநீரகம் நன்றாக இருப்பவர்கள் வாழைத்தண்டைப் பொரியலாகவும் மூக்கிரட்டையைக் கீரையாகவும் சாப்பிடுவதில் எனக்கு மறுப்பில்லை. உப்பு குறைவாகப் போட்டுச் செய்தால் நல்ல உணவு. நோய்க்கு மருந்தாக, அளவில்லாமல் சாறாக்கிக் குடிப்பது வேறு. சுரைக்காய் கசந்தால் அதில் குக்கர்பிட்டசின் என்ற நஞ்சு இருக்கிறது. அந்தச் சாற்றைக் குடித்து டெல்லியில் 2010-ல் உயிரிழப்பு நேர்ந்த பின் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் குழு எச்சரித்தது. சாறு கசந்தால் அந்தக் கணமே கொட்டிவிட வேண்டும். இரும்பன்புளியைச் சாறாகக் குடித்தவர்களுக்கு அதிலுள்ள ஆக்ஸலேட் சிறுநீரகத்தை அடைத்த நிகழ்வுகள் கேரளத்தில் பதிவாகியுள்ளன. 1998-ல் டெல்லியில் கடுகு எண்ணெயில் பிரமதண்டு விதை எண்ணெய் கலந்ததால் அறுபது பேருக்குக் குறையாமல் இறந்தார்கள். அவர்களுக்கு வந்த நோயின் முக்கிய அடையாளமே கால் வீக்கம். பிரமதண்டும் இயற்கையில் வளர்ந்த செடிதான்.

எதிர்ப்பக்கத்துத் தவறும் நடக்கிறது. முகம் உப்பியிருக்கிறது என்று நீர் பிரியும் மாத்திரையைக் கடையில் தாமாகவே வாங்கிப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். பொட்டாசியமும் சோடியமும் தாறுமாறாகும். நிறுத்தியதும் உடம்பு முன்னைவிட இறுக்கமாக நீரைப் பிடித்துக்கொள்ளும். மறுபடி மாத்திரை தேவைப்படும்.

வயிற்று உப்புசம்

இனிக் காற்றுக்கு வருவோம். குடலில் எந்த நேரமும் ஏறக்குறைய 200 மில்லி வாயு இருப்பது இயல்பு. நாளைக்குப் பத்து முதல் இருபது முறை வாயு பிரிவதும் இயல்பு. இதற்காக வெட்கப்படவோ பயப்படவோ வேண்டாம்.

வாயு உண்டாகும் விதம் இது. பயறு வகைகளில் ராஃபினோஸ், ஸ்டாக்கியோஸ் என்ற சர்க்கரைகள் இருக்கின்றன. அவற்றை உடைக்கும் நொதி மனிதக் குடலில் கிடையாது. பெருங்குடல் வரை அப்படியே போய், அங்குள்ள பாக்டீரியா அவற்றை உண்ணும்போது ஹைட்ரஜனும் கார்பன் டை ஆக்சைடும், சிலருக்கு மீத்தேனும் உண்டாகின்றன. கொண்டைக்கடலையையும் மொச்சையையும் இரவே ஊறவைத்து, ஊறிய நீரைக் கொட்டிவிட்டு, புது நீரில் குழைய வேகவைத்தால் இந்தச் சர்க்கரையில் ஒரு பகுதி வெளியேறிவிடும். முளைகட்டினால் இன்னும் குறையும். சத்து போய்விடும் என்று ஊறவைத்த நீரையே குழம்பில் ஊற்றுகிறவர்கள், வயிறு உப்பும்போது அந்த வழக்கத்தை விட்டுப் பார்க்கலாம்.

ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் உள்ள மோனாஷ் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் இப்படிப் புளிக்கும் சர்க்கரைகளையெல்லாம் 2005-ல் ஃபாட்மேப் என்ற பெயரில் ஒன்றாகத் தொகுத்தார்கள். அதில் வெங்காயமும் பூண்டும் முன்வரிசையில் இருக்கின்றன. வாயுவுக்கு நல்லது என்று நாம் பாலில் வேகவைத்துச் சாப்பிடும் பூண்டு, சிலருக்கு வாயுவை உண்டாக்கும். பாலும் ஒத்துக்கொள்ளாதவர் என்றால் இரட்டைத் தொல்லை. அப்படிப்பட்டவர்கள் பூண்டை எண்ணெயில் தாளித்துப் பல்லை எடுத்துவிடலாம். வாயு உண்டாக்கும் பொருள் எண்ணெயில் கரையாது. மணம் மட்டும் தங்கும். பால் ஒத்துக்கொள்ளாதவர்களுக்குப் புளித்த தயிரும் மோரும் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும். எல்லோரும் எல்லாவற்றையும் ஒதுக்க வேண்டியதில்லை. இரண்டு மூன்று வாரம் ஒன்றை நிறுத்திப் பார்த்து, மறுபடி சேர்த்துப் பார்த்து, தனக்கு ஒவ்வாதது எது என்று கண்டுபிடிக்க வேண்டும்.

இஞ்சி இரைப்பை காலியாவதை விரைவாக்குகிறது. ஓமத்தின் காரத்துக்குக் காரணமான தைமால் குடல் தசையின் இறுக்கத்தைத் தளர்த்தக்கூடியது. நம் பாட்டிமார் கொடுத்த ஓமத் தண்ணீரும் சுக்குக் கஷாயமும் இந்த வகையில் நியாயமானவை. சோடா மட்டும் நியாயமில்லை. சோடா குடித்ததும் வரும் ஏப்பம் பாட்டிலுக்குள் அடைத்திருந்த காற்று. வயிற்றில் இருந்ததோடு அதையும் நாம்தான் சேர்த்தோம்.

இன்னொரு செய்தி பலருக்கு வியப்பாக இருக்கும். ஸ்பெயினின் பார்சிலோனாவில் ஃபெர்னாண்டோ அஸ்பிரோஸ் குழுவினர் வயிறு பெருத்தவர்களை ஸ்கேன் செய்து பார்த்தார்கள். பலருக்கு வாயு அதிகமாகவே இல்லை. உதரவிதானம் கீழே இறங்கி, வயிற்றுச் சுவர் தளர்ந்துவிட, உள்ளே இருப்பதெல்லாம் முன்னால் தள்ளப்படுகிறது. மெதுவாக மூச்சை வெளியே விட்டு, விடும்போது வயிற்றை மெல்ல உள்ளிழுக்கும் பயிற்சி இவர்களுக்கு உதவும். சாப்பிட்டபின் பத்துப் பதினைந்து நிமிடம் மெல்ல நடந்தால் குடல் வாயுவை எளிதாக நகர்த்திவிடும். லேசான உடற்பயிற்சி குடல் வாயுவை நகர்த்தும் என்பதையும் பார்சிலோனா ஆய்வுகளே காட்டின. மலச்சிக்கலைத் தீர்ப்பதும், அவசர அவசரமாக விழுங்காமல் மென்று உண்பதும் பாதி உப்புசத்தைக் குறைக்கும்.

வீட்டில் வைத்துப் பார்க்கக் கூடாதவை

இதைச் சற்றுக் கவனமாகக் கேளுங்கள். ஒரு காலில் மட்டும் திடீரென்று வலியோடு வீக்கம் வந்தால், ஆழ்நாளத்தில் ரத்தம் உறைந்திருக்கலாம். எண்ணெய் தேய்த்து உருவாமல் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். கால் வீக்கத்தோடு படுத்தால் மூச்சு முட்டினால் இதயத்தைப் பார்க்க வேண்டும். குழந்தையின் முகம் காலையில் உப்பி, சிறுநீர் நுரைத்தால் சிறுநீரகத்தைப் பார்க்க வேண்டும். வயிறு பெருத்துக் கண் மஞ்சளித்தால் கல்லீரலை. கர்ப்பிணிக்கு 20 வாரத்துக்குப் பிறகு முகமும் கையும் வீங்கி, தலைவலியோ பார்வை மங்கலோ வந்தால் உடனே ரத்த அழுத்தம் பார்க்க வேண்டும். 140/90-ஐத் தொட்டிருந்தால் தாய்க்கும் சேய்க்கும் ஆபத்து. "புள்ளத்தாச்சிக்கு கால் வீங்கத்தான் செய்யும்" என்று வீட்டில் ஆறுதல் சொல்லிக் காலத்தைப் போக்கக் கூடாது. உதடும் நாக்கும் வீங்கினால் அது நிமிடக் கணக்கில் பார்க்க வேண்டிய அவசரம்.

ஐம்பதைக் கடந்த தாய்மார்களுக்கு ஒன்று. புதிதாக வந்த உப்புசம் வாரக்கணக்கில் விடாமல் இருந்தால், கொஞ்சம் சாப்பிட்டதும் வயிறு நிரம்பிவிட்டால், "கேஸ் டிரபிள்" என்று ஒதுக்காமல் வயிற்று ஸ்கேன் எடுத்துப் பாருங்கள். சினைப்பைப் புற்றுநோய் இப்படித்தான் சத்தமில்லாமல் தொடங்கும்.

ஒரு முக்காலியின் மருத்துவம்

கடைசியாக ஒன்று. காலையில் ஒன்பது மணிக்கு ஜவுளிக்கடைக்குள் நுழைந்து இரவு ஒன்பது மணிக்கு வெளியே வரும் பெண்ணிடம், காலைத் தூக்கி வைத்துப் படு என்று நான் சொன்னால் அது வெற்று உபதேசம். அவருக்கு உட்காரவே இடமில்லை. கழிப்பறைக்குப் போக அனுமதி கேட்கத் தயங்கித் தண்ணீரே குடிப்பதில்லை. சிறுநீர்த் தொற்றும் மலச்சிக்கலும் உப்புசமும் அங்கிருந்து தொடங்குகின்றன. கேரளம் 2018-லும் தமிழ்நாடு 2021-லும் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, பணியாளர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று கட்டாயமாக்கின. நாளத்து அழுத்தத்தை 90-லிருந்து இறக்கும் இயற்கை வைத்தியத்துக்கு நம் மாநிலத்தில் சட்டத்தின் துணையே இருக்கிறது.

இந்த அரங்கில் கடை நடத்துகிறவர்கள் இருந்தால், ஆளுக்கொரு முக்காலி போடுங்கள். கழிப்பறைக் கதவைத் திறந்து வையுங்கள். துணி எடுக்கப் போகும் நாம், விற்பனைப் பெண் உட்கார்ந்தபடி விலை சொன்னால் அதை மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்ள வேண்டாம். "உட்கார்ந்துக்கோம்மா, நான் மெதுவா பாக்குறேன்" என்று நாமே சொல்லலாம். அவருடைய காலுக்கு நான் எழுதித் தரக்கூடிய எந்தச் சீட்டைவிடவும் அது நல்ல மருந்து.